ஒரு செயலி, இரண்டு அளவுகள்

கணிப்பொறியின் செயலி, சீரான கடிகாரத் துடிப்புகளுக்கு இணங்க வேலை செய்வது. ஆக்கியோர் வரையறுத்த அளவுக்கு மேல் அத்துடிப்பை உயர்த்தி ஓட்டும் வழக்கத்தை 'ஓவர்கிளாக்கிங்' என்பர். 'மிகைத்துடிப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். இதனினும் நல்ல சொல் அகப்படுமாயின் தமிழாசிரியர்கள் வழங்குவார்களாக.

துடிப்பை உயர்த்தினால் ஒரு கட்டத்தில் செயலி தடுமாறும். அதைத் தீர்க்க மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டுவர். கூட்டினால் வெப்பம் ஏறும். அதுவும் நேர்விகிதத்தில் அன்று, ஏறக்குறைய மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப. 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால், துடிப்பு மாறாதிருப்பினும், செலவாகும் ஆற்றல் நூற்றுக்கு 16க்கு மேல் கூடிவிடும். ஆதலின் அளந்து பார்த்தே அடியெடுத்து வைக்கவேண்டும். ஆனால் அளக்கப் புகுந்தவுடன் குழப்பம் தொடங்குகிறது. ஒரு நிரல் 62 டிகிரி என்கிறது. மற்றொன்று அதே நொடியில் 77 என்கிறது. குறைந்ததை நம்பிச் செயலியைப் பாழாக்குவதா? கூடியதற்கு அஞ்சி வீணே நிறுத்திவிடுவதா?

இரண்டு நிரல்களும் ஒரே உணர்கருவியைத்தான் படித்தன என்பது வியப்பு. இன்டெல் நிறுவனத்தின் 'கோர் 2' செயலிகளில் அமைந்த உணர்கருவி, வெப்பம் இவ்வளவு என்று நேரே கூறுவதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி எஞ்சியுள்ளது என்று மட்டுமே கூறும். ஊருக்கு இன்னும் 23 மைல் என்று காட்டும் மைல்கல்லைப் போன்றது அது. நாம் கடந்து வந்த தொலைவு எவ்வளவு எனக் கேட்டால், மொத்தத் தொலைவு தெரிந்தாலன்றி விடை கூறவியலாது. உச்சம் 85 எனக் கொண்ட நிரல் 85இலிருந்து 23ஐக் கழித்து 62 என்றது; 100 எனக் கொண்ட நிரல் 77 என்றது. இன்டெல் 2008இல் அவ்வரம்புகளை வெளியிடும் வரை நிரல் எழுதியோர் ஊகத்தின்மேல்தான் கழித்து வந்தனர். அவ்வாண்டின் இறுதியில் வந்த 'கோர் ஐ7' செயலியோ தன் வரம்பைத் தானே நிரலுக்குச் சொல்லும் வசதி பெற்றிருந்தது.

ஆகவே, ஓட்டுபவர் பார்க்கவேண்டியது 62ஐயும் அன்று, 77ஐயும் அன்று, எஞ்சிய 23ஐத்தான். மேலும் அக்கருவி உச்ச வரம்பின் அருகே சரியாகக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. செயலி சும்மா இருக்கும்போது அது காட்டும் எண்ணைப் பெரிதாகக் கொள்ளவேண்டியதில்லை. அறை 30 டிகிரியாக இருக்க, வெறும் விசிறியால் குளிரும் செயலி 24 டிகிரியில் இருப்பதாக நிரல் கூறினால், அது நடவாத காரியம் என்று எவரும் அறிவர்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் கதை வேறு. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய இரண்டும் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. 58 என்றால் உள்ளே 38தான். விசிறிகள் எல்லா வகைச் செயலிகளிலும் ஒரே ஒழுங்கில் சுழல்வதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1700 என்னும் உடன்பிறப்புக்கு இக்கூட்டல் இல்லை. இதனை அறியாதார் வெப்பந்தணிப்பானை மறுபடி மறுபடி கழற்றி மாட்டியிருப்பர், பாவம்!

மின்னழுத்தத்திலும் இத்தகைய முரண்பாடு உண்டு. நாம் அமைத்துக் கொடுத்தது ஓர் எண். செயலி தனக்கு வேண்டுமெனக் கேட்பது ஓர் எண். தாய்ப்பலகையில் உள்ள அளவைச் சில்லு உண்மையில் அளப்பது மற்றோர் எண். கேட்டதைப் பெற்றதாக எண்ணிவிடுதல் பெரும்பிழை. வேலை மிகும்போது மின்னழுத்தம் தாழ்வது பழுதன்று. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பாதையின் தடை 1 மில்லிஓம் என்றும் ஓடும் மின்னோட்டம் 100 ஆம்பியர் என்றும் கொண்டால், 0.1 வோல்ட்டு இறங்கும், 1.30 என அமைத்தது 1.20 ஆகும். வேலை திடீரென நின்றால் அழுத்தம் ஒரு கணம் துள்ளி எழும். முன்னரே தாழ்ந்திருந்தமையால் அத்துள்ளல் செயலியைத் தாக்கும் அளவுக்கு ஏறுவதில்லை. இத்தாழ்வை முற்றும் போக்கிவிட முயல்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அளவைச் சில்லும் நுண்ணியதன்று. சில சில்லுகள் 16 மில்லிவோல்ட்டுப் படிகளாகவே எண்ணும், 1.190 வோல்ட்டை 1.184 என்று காட்டும். அளக்கும் இடமும் முக்கியம். செயலியின் இருப்பிடத்திற்கு வெளியே தொட்டு அளந்தால், மின்னோட்டம் மிகுந்த நேரத்தில் உள்ளே சேர்வதைக் காட்டிலும் கூடுதலாகவே தெரியும். இடையிலுள்ள செம்புப் பாதையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது அல்லவா? எனவே இரு நிலைகளை ஒப்பிட விரும்புவோர், ஒரே நிரலை, ஒரே இடத்து அளவை, ஒரே வேலைப்பளுவில் வைத்துப் பார்க்கவேண்டும். வெப்பம் உச்ச வரம்பைத் தொட்டுவிட்டதெனின் செயலி தானே தன் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். நிரல் 75 என்று காட்டிக்கொண்டிருக்கத் துடிப்பு விழுமாயின், ஆற்றல் வரம்பு குறுக்கிடவில்லை என்று உறுதிசெய்துகொண்டபின், நிரலின் எண்ணை ஐயுறுதலே முறை.