புது வண்டியின் முதல் எண்ணெயில் மின்னும் துகள்

புதிய மோட்டார் வண்டியொன்று ஓர் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதன் இஞ்சின் எண்ணெயை முதன்முறையாக வடிக்கிறார்கள். தட்டில் விழுந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பொடியைக் கலந்தாற்போல ஒரு மினுமினுப்புத் தெரிவதுண்டு. வடிகால் திருகில் காந்தம் பொருத்தியிருப்பின், அதன் முனையில் கருஞ்சாம்பல் நிறச் சேறு ஒட்டிக்கொண்டிருக்கும். கடன்பட்டு வண்டி வாங்கியவருக்கு இதைக் கண்டதும் நெஞ்சு பதறுவது இயல்பே. பதற வேண்டிய துகளும் உண்டு. வேண்டாத துகளும் உண்டு. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. ஆலையிலேயே தேய்கற்களைக் கொண்டு அச்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். எண்ணெயைத் தேக்கி வைக்கும் வாய்க்கால்கள் அவையே. கீறல்களுக்கிடையே நிற்கும் மேடுகளின் கூர்முனைகளைப் பிஸ்டன் வளையங்கள் உரசித் தட்டையாக்குகின்றன. வளையங்களும் சிறிது தேய்ந்து சுவரோடு பொருந்துகின்றன. உதிர்ந்த முனைகளே நாம் காணும் பொடி. அவற்றுள் மிகப் பல சில மைக்ரான் அளவினவே. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரான்.

அம்மியைப் புதிதாகக் கொத்தியபின் முதலில் அரைத்ததை யாரும் உண்பதில்லை. தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டி, கல்மண் போனபின்பே மிளகாய் வைப்பர். இஞ்சினுக்கு முதல் எண்ணெய் அந்தத் தவிட்டைப் போன்றது. தொடக்கத்தில் மிகுதியாயிருக்கும் இத்தேய்மானம், பரப்புகள் இசைந்தபின் வெகுவாகக் குறைந்துவிடும்.

முன்னாளில் இதனை மிகக் கண்டிப்பாகக் கருதினர். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியில் இன்றுள்ளதுபோல் காகித வடிகட்டி இல்லை. கம்பிவலைச் சல்லடை ஒன்றே இருந்தது. ஏறத்தாழ இரண்டரை லிட்டர் எண்ணெயே இஞ்சின் முழுமைக்கும். எனவே 1950-களில் முதல் எண்ணெயை 300 மைலிலேயே மாற்றச் சொன்னார்கள். இக்காலத்தில் கடைசல் நுட்பம் உயர்ந்துவிட்டது. ஆலையிலேயே மேடுகளைச் சீவிவிடுவதும் வழக்கமாயிற்று. ஆகவே சில வண்டிகளுக்கு முதல் எண்ணெயைப் பல்லாயிரம் கிலோமீட்டர் வரையிலும் விட்டுவைக்கிறார்கள். வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையோர்க்கு ஒன்று. தேய்மானம், உராய்வு, உயவு ஆகிய மூன்றையும் ஆராயும் துறைக்கு ஆங்கிலேயர் 1966-இல்தான், உரசுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டிரைபாலஜி’ என்று பெயர் கண்டனர். மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோற்கரி குழைத்து ‘மை’ இட்ட நம் வண்டிக்காரர், பெயர் வைக்காமலே அத்துறையை நடத்தி வந்தனர்.

இனி, அஞ்சத்தக்க துகள். அது தேய்மானத்தால் வருவதன்று. இஞ்சினைக் கடைந்தபோதும் துளையிட்டபோதும் உண்டான சீவல், கழுவப்படாமல் எண்ணெய் வழிகளில் தங்கிவிடுவது. இது வெறுங்கற்பனையன்று. டொயோட்டா நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், டண்ட்ரா, லெக்சஸ் எல்.எக்ஸ். வகைகளில் ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இக்காரணத்தாலேயே. எஞ்சிய உலோகச் சீவல் இஞ்சினுக்குள் தங்கி, முதன்மைப் பேரிங்குகளைக் கெடுத்து, ஓட்டத்திலேயே இஞ்சின் நின்றுபோகக் கூடும் என்று அறிவிக்கப்பட்டது. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிப்பே உடையது. அதனினும் பெரிய சில்லு அங்கே நுழைந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வடிகட்டி இருக்கிறதே எனலாம். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும்போதும் வடிகட்டி அடைபட்டபோதும் மாற்றுவழி வால்வு திறந்து, எண்ணெய் வடிகட்டப்படாமலே செல்லும்.

விரல்களுக்கிடையே தேய்த்தால் பசைபோல் நெளியும் சாம்பல் நிறச் சேறு, முதல் எண்ணெயில் இயல்பானது. விளிம்பு கண்ணுக்குத் தெரியும் தகடு, சுருண்ட சீவல், ஊசிபோன்ற துண்டு ஆகியன வேறு வகை. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத வெண்ணிறத் துண்டு பெரும்பாலும் அலுமினியம். செம்பு நிறத் தகடு தெரிந்தால் பேரிங்கின் மேற்படலம் போய் உட்படலம் தேய்வதாக ஐயுறலாம். அவ்வண்டியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்குக் காட்டுவதே தக்கது. வடிகட்டியை அறுத்து, அதன் காகித மடிப்புகளை விரித்துப் பார்த்தால் எண்ணெயில் தெரியாதவையும் தெரியும்.

எண்ணெயை எரித்து, அதன் ஒளியைக் கொண்டு எந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காணும் ஆய்வும் உண்டு. அமெரிக்க இரயில்வேக்கள் டீசல் இஞ்சின்களுக்காக 1940-களில் இம்முறையைக் கையாளத் தொடங்கின. ஆயினும் அக்கருவி மிக நுண்ணிய துகள்களையே எண்ணும். பெருந்துண்டுகள் அதன் கணக்கில் சரிவர வாரா. அறிக்கை நன்றாயிருந்தும் வடிகட்டியில் சீவல் கிடப்பது இதனால்தான்.

ஐயமிருப்பின், வடித்த எண்ணெயில் சிறிது ஒரு தூய புட்டியில் எடுத்து, நாளையும் ஓடிய தூரத்தையும் குறித்து, அறுத்த வடிகட்டியுடன் வைத்துக்கொள்ளல் நலம். உத்தரவாதக் காலத்துக்குள் விற்பனையாளரிடம் முறையிட நேர்ந்தால் அவையே சான்று. அடுத்த முறை வடிக்கும் எண்ணெயையும் அதனோடு ஒப்பிட வேண்டும். இசைந்துவிட்ட இஞ்சினாயின் இரண்டாவது புட்டியில் மினுமினுப்புக் குறைந்திருக்கும்.