ஜீப் வண்டியைப் புழுதியும் கறளும் அணுகாமற் காத்தல்

பசளையும் மரக்கறியும் ஏற்றும் பழைய லான்ட் ரோவர் வண்டியின் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. அது கறள் பிடியாது. அடிச்சட்டமோ உருக்கினாலானது. பெட்டி போன்ற அதன் உட்புறத்தில் ஈரச்சேறு தங்கின், வெளியே தெரியாமலே கறள் அரிக்கும். ஒருநாள் பாரத்தோடு சட்டம் முறியும். ஆகவே வயலிலிருந்து மீண்ட அன்றே அடிப்புறத்தைக் கழுவி, சட்டத்தின் வடிகால் துளைகளைக் கம்பியாற் குத்தித் திறந்து, உலரவிடல் வேண்டும். பின்னர், பிரேக்கிற் படாமல் எண்ணெய் பூசுக. சிந்திய பசளை ஈரத்தை ஈர்த்துக் கறளை விரைவுபடுத்துமாதலால் அதனையும் உடனே கழுவுக.

சிறுபோகக் காலத்துப் புழுதி எஞ்சினுட் புகின் பிஸ்டன் வளையங்கள் தேயும். எண்ணெய்க் காற்றுவடிகட்டியின் கிண்ணத்தை அடிக்கடி கழற்றி, படிந்த சேற்றை அகற்றி, மண்ணெண்ணெயாற் கழுவி, குறித்த மட்டம்வரை புதிய எண்ணெய் இடுக. மட்டத்தை மீறின் எண்ணெய் எஞ்சினுள் இழுக்கப்படும்.