முட்டிடிச்சான் தேரி

மலையோரம் – 11

அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அதிருமலை முகாமை எட்டுவதற்கு முன்னால் ஒரு செங்குத்து ஏற்றத்தில் திணறுவார்கள். அந்த இடத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். ஏறும்போது முட்டி வந்து முகத்தில் இடிக்கும் என்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்றால் செம்மணல் மேடு. இங்கே அதே சொல் மலைச் சரிவைக் குறிக்கிறது.

பெயர் வைத்தவர் ஏற்றத்தைப் பார்த்து வைத்துவிட்டார். முட்டிக்கு உண்மையில் கேடு வருவது இறக்கத்தில்தான். 1868 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் போனக்காடு வனத்துறை பிக்கெட் ஸ்டேஷன் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். ஏறப் போகும்போது இருந்த பேச்சு இருக்காது. கம்பை ஊன்றிக்கொண்டு, சின்னப் படியைக்கூடப் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவார்கள்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனக்காடு தோட்டத்து லயத்துக்குப் போனபோது அதே நடையோடு ஒரு பையன் எதிரே வந்தான். அத்தை பேரன். வயது 19. மலை ஏறிவிட்டு வந்தவன் இல்லை, பட்டாளத்துக்கு ஓடிப் பழகுகிறவன்.

போனக்காடு தெரியாதவர்களுக்கு நாலு வரி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். காணித்தடம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் காடும் வளைவும்தான். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். கங்காணிகள் கூட்டி வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். தோட்டம் நொடித்துப்போய்ப் பல வருடமாகிறது. ஃபேக்டரி ஓடவில்லை, தேயிலைச் செடிகள் கவாத்து பார்க்காமல் மரமாக நிற்கின்றன. இணையத்தில் தேடினால் பேய் பங்களா என்று ஒரு கட்டிடத்தைக் காட்டுவார்கள். கூரை ஒழுகும் லயத்தில் ஆள் இருப்பதைக் காட்டமாட்டார்கள்.

இப்படி ஒரு இடத்தில் பிறந்த பையனுக்குச் சம்பளம் மாதா மாதம் வரும் வேலை என்றால் பட்டாளம்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். நான் பிறந்த குமரி மாவட்டத்திலும் அப்படித்தான். ஊருக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். லீவில் வரும்போது கொண்டுவரும் டிரங்குப் பெட்டிதான் எங்களுக்கு விளம்பரம்.

இப்போது நிலைமை வேறு. 2022 ஜூனில் பட்டாளத்துக்கு ஆளெடுக்க அக்னிபத் திட்டம் அறிவித்தார்கள். நாலு வருட வேலை, அதற்குப் பிறகு நூற்றில் 25 பேர் வரைக்கும்தான் தொடர்ந்து இருக்கலாம். அந்த நவம்பரில் கொல்லத்தில் ஆளெடுப்பு ரேலி நடந்தது. கேரளத்தின் தெற்கு மாவட்டங்களுக்கெல்லாம் ஆளெடுக்கும் அலுவலகம் திருவனந்தபுரம் பாங்ஙோட்டில் இருக்கிறது. முன்பு முதலில் ஓடவிடுவார்கள், தேறினவனுக்குத்தான் எழுத்துத் தேர்வு. 2023-இல் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் கம்ப்யூட்டரில் பரீட்சை, ஜெயித்தவர்களுக்கு ரேலி.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. பத்தாயிரம் பேர் விடியற்காலையில் மைதானத்துக்கு வெளியே படுத்துக் கிடக்கவேண்டியதில்லை. ஆனால் பையன்களின் முழங்காலுக்கு இது என்ன செய்தது என்பதை யாரும் கேட்கவில்லை. பரீட்சை முடியும்வரை புத்தகம். ரிசல்ட்டில் பெயர் இருந்தால் மறுநாள் காலையில் ஓட்டம். ஒரு வருடம் பழகவேண்டியதைச் சில வாரங்களில் பழகிவிடலாம் என்று கணக்கு. நெஞ்சும் மூச்சும் அந்த அவசரத்துக்கு ஓரளவு ஒத்துழைக்கும், மூன்று நாலு வாரத்தில் மூச்சு நீளும். எலும்பும் தசைநாரும் குருத்தெலும்பும் அந்த வேகத்தில் பலப்படுவதில்லை. மூச்சு தயாராகிவிட்டதால் பையன் இன்னும் வேகமாக ஓடுகிறான், முட்டி பின்தங்கிவிடுகிறது.

ஓடவேண்டிய தூரம் 1.6 கிலோமீட்டர், 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்று. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண், 60. அடுத்த பதினைந்து விநாடிக்குள் வந்தால் 48. பீமில் பத்து முறை தூக்கினால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டவேண்டும், வளைந்த கட்டை மேல் நடக்கவேண்டும். ஐந்தரை நிமிடம் என்றால் சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. அத்தை பேரன் இந்தக் கணக்கையெல்லாம் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தான்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டேன்.

"அஞ்சு இருபது மாமா."

ஆச்சரியமாக இருந்தது. எங்கே ஓடினாய் என்றேன். லயத்திலிருந்து கீழே ரோட்டில் ஓடியிருக்கிறான். ஃபோனில் தூரம் பார்த்து, 1.6 வரும் இடத்தில் ஒரு கல்லை நட்டிருக்கிறான். போனக்காட்டில் 400 மீட்டர் சமதளம் எங்கே கிடைக்கும்? ஆக அவன் ஓடியது முழுக்க இறக்கம். தினமும், முழு வேகத்தில், ரப்பர் தேய்ந்த ஷூவோடு, பெயர்ந்து கிடக்கும் ரோட்டில். திரும்பி வரும்போது நடந்து ஏறியிருக்கிறான். மூன்றாவது வாரம் முட்டிச்சில்லைச் சுற்றி வலி. விதுராவில் ஒரு மைதானத்தில் ஓடிப் பார்த்தபோது ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. முட்டி வலியால்தான் நேரம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். மலை அவனுக்கு இரண்டு விதத்தில் பொய் சொல்லியிருக்கிறது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நேரத்தையும் குறைத்துக் காட்டியது, முட்டியையும் வாங்கிக்கொண்டது.

அத்தை கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பது வருடம் சரிவில் கொழுந்து எடுத்த முட்டி. உட்காரும்போது சத்தம் கேட்டது. "ஏறும்போ நெஞ்சு வலிக்கும், எறங்கும்போ முட்டு வலிக்கும் மக்கா. நெஞ்சு வலிச்சா நின்னுக்கலாம். கூடை நெறஞ்சப்பொறவு எறங்காம நிக்க முடியுமா?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குப் புரியும். தொடையின் முன்பக்கத் தசை கயிறு, முட்டிச்சில்லு கப்பி. நிறைந்த வாளியை மேலே இழுப்பதிலும் கயிறு இறுகும். ஆனால் அதே வாளியை மெல்ல மெல்லப் பிடித்துப் பிடித்துக் கீழே இறக்கிப் பாருங்கள், கை காந்திவிடும். இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதையும் தொடைத் தசை இப்படித்தான் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுப்பில் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் முட்டி இதைத் தாங்கும். நேற்றுவரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த முட்டி தாங்காது.

இந்த வலிக்கு அடையாளம் உண்டு. படி இறங்கும்போதும் குத்தவைக்கும்போதும் சில்லுக்குப் பின்னால் வலிக்கும். முட்டியை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். சினிமாக் கொட்டகையில் வலிக்கும் என்று வெளிநாட்டு வைத்தியர்கள் எழுதுவார்கள். நமக்கு விதுரா பஸ் போதும். வெளிப்பக்கமாக, குறிப்பிட்ட தூரம் ஓடியபின் கத்தி வைத்தாற்போல வலித்தால் அது இடுப்பிலிருந்து வரும் பட்டைத் தசைநாரின் வேலை. சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் வலித்தால், பள்ளம் தாண்டிப் பழகியதன் விளைவாக இருக்கும். இவை மூன்றும் பொறுமையாகப் பார்த்தால் சரியாகக்கூடியவை. வீக்கம், முட்டி பூட்டிக்கொள்வது, நிற்கும்போது வழுக்கி மடங்குவது, கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரல் வைத்தால் ஓரிடத்தில் மட்டும் உயிர் போவது என்றால் பேச்சே இல்லை, ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடைசியாகச் சொன்னது எலும்பில் விழும் மயிரிழை விரிசலாக இருக்கலாம். பட்டாளத்துக்காரர்களின் பழைய நோய் அது. பிரஷ்ய ராணுவ வைத்தியர் பிரைட்ஹாப்ட், நடந்து நடந்து பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பற்றி 1855-லேயே எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க அப்போது இன்னும் நாற்பது வருடம் இருந்தது.

பையன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அந்த வயதில் நானும் போகவில்லை. 'முட்டி வலி' என்று சீட்டில் எழுதிவிட்டால் மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். அதற்குள் இன்னொரு பயமும் கலந்திருந்தது. மெடிக்கலில் இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொல்வார்கள். முட்டிகள் ஒட்டி நிற்க, கணுக்கால்களுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஆள் வெளியே. அதுவும் முட்டி இடிப்பதுதான், ஆனால் முழுக்க வேறு சங்கதி. அது எலும்பின் அமைப்பு, வலி இருக்கவேண்டும் என்றில்லை. இவன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, ராத்திரி முட்டிகளுக்கு நடுவே தலையணையை வைத்துக் கணுக்காலைத் துண்டால் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். வீடியோவில் பார்த்தானாம். வளர்ந்து முடிந்த எலும்பு தலையணைக்கு வளையாது. இவன் கால் நேராகத்தான் இருந்தது, நிற்கவைத்துப் பார்த்தேன். மூன்று வாரத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பத்தொன்பது வயதில் இதே வலி வந்தது. ஒரு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, ஆளெடுப்பு ஓட்டத்தன்று காலையில் வெறும் வயிற்றில் இரண்டு போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு சுற்று பறந்தேன். மூன்றாவது சுற்றின் வளைவில் கால் என்னுடையதாக இல்லை. மாத்திரை வலியைத்தான் எடுக்கும், முட்டி பட்ட பாட்டை எடுக்காது. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை என்பதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை தன் பங்குக்கு முறிவெண்ணெய் தேய்த்திருந்தார். பக்கத்து லயத்துத் தாத்தா கொட்டம்சுக்காதி தைலம்தான் சரி என்று சண்டைக்கு நின்றார். அகத்தியர் பெயரைத் தாங்கிய மலையடியில் எண்ணெயைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொல்லவும் வேண்டாம். சூடாகத் தேய்த்தால் இதமாக இருக்கும், ராத்திரி தூக்கம் வரும். ஆனால் கயிறு பலமாகாமல் கப்பிக்கு மட்டும் எண்ணெய் விட்டு என்ன பயன்?

கயிறு பலமாவதற்குச் சான்று பட்டாளத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,502 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2011-இல் வெளியானது. பதினான்கு வாரப் பயிற்சி. ஒரு பாதிப் பேர் வழக்கமான உடற்பயிற்சி செய்தார்கள். மறு பாதிப் பேருக்குத் தொடை, இடுப்பைப் பலப்படுத்தும் நாலு பயிற்சியும் தசையை நீட்டும் நாலு பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் பாதியில் 36 பேருக்கு முட்டியின் முன்பக்க வலி வந்தது. மறு பாதியில் பத்துப் பேருக்கு. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்காருவது, ஒற்றைக் காலில் படி ஏறி இறங்குவது போன்றவைதான் இந்த வகைப் பயிற்சிகள். காசு செலவில்லை, லயத்துத் திண்ணை போதும். நம் பயிற்சி அகாடமிகளில் சிலவாவது இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குகின்றனவா என்று பார்த்தேன், வருத்தம்தான் மிச்சம். அங்கே ஓடு, வாந்தி எடு, மறுபடி ஓடு.

பையனிடம் மூன்று காரியம் பேசினோம். முதலில், விதுரா அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவது. இரண்டாவது, படுத்துக் கிடக்காமல் ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பது. ஓடும்போது வலி லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் சரி, தங்கினால் அடுத்த தடவை இன்னும் குறைக்கவேண்டும். எட்டிப் போடாமல் அடியைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னேன். அப்படி ஓடினால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குப் போகும் சுமை குறையும்.

மூன்றாவதுதான் அவனுக்கு ஏறவில்லை. ஏற்றத்தில் ஓடு, இறக்கத்தில் நட.

"எறங்கும்போ நடந்தா டைமிங் எப்பிடி மாமா வரும்?"

டைமிங் மலையில் பார்க்கக் கூடாது, வாரத்துக்கு ஒருநாள் சமதளத்தில் பார் என்றேன். ஏற்றத்தில் ஓடினால் நெஞ்சுக்கு முழு வேலை, முட்டியில் அடி குறைவு. கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கொஞ்சம் முனகும், அதனால் அதையும் மெல்லத்தான் கூட்டவேண்டும். சமதளம் இல்லாத ஊர் என்று அவன் அலுத்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குப் பயிற்சி கொடுக்க இந்த ஊரைப்போல வசதி நகரத்துப் பையனுக்குக் கிடைக்காது.

எப்படி இறங்குவது என்பதை அத்தைதான் காட்டினார். எழுபது வயதில், முற்றத்துக்கு வெளியே இருக்கும் சரிவில் நாலு எட்டு வைத்தார். நேராக இறங்கவில்லை. உடம்பைக் கொஞ்சம் திருப்பி, வலப்பக்கம் மூன்று அடி, இடப்பக்கம் மூன்று அடி, முட்டியை லேசாக மடக்கியபடியே. "கூடைக்காரி நேரா எறங்கினா கொழுந்து கொட்டிப்போவும்," என்றார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து வாசலில் நின்றேன். மூடுபனி. மேலே போகும் ரோட்டில் ஷூச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கால் மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து பையன் வந்தான், நடந்து. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு. ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"கூடை ஒண்ணுதான் கொறச்சல்," என்றார்.

(தொடரும்)