புலியைக் காட்டிக் கொடுக்கும் குரல்

நீலகிரி மாவட்டத்து முதுமலை, 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விடியற்காலையில் அங்கே வனத்துறை வண்டியில் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் புலி நடமாடும் வேளை அது. வழிகாட்டி கண்ணைவிடக் காதையே அதிகம் நம்புவார். ஏன் தெரியுமா?

புலி பதுங்கி, நெருங்கி வந்து பாயும் விலங்கு. அதன் செம்மஞ்சள் நிறம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கோ இரண்டே வகை. ஆகவே மானுக்குப் புலியும் பச்சைப் புல்லும் ஏறக்குறைய ஒரே நிறம்!

மரத்தின் மேலுள்ள மந்திக்கு நம்மைப் போலவே மூன்று வகைச் செல்கள் உண்டு. புலியைக் கண்டதும் அது குரைப்பதுபோல் கத்தும். கீழே மேயும் புள்ளிமான்கள் உடனே தலைநிமிர்ந்து உஷாராகும். மறைவு கலைந்த புலி பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டு அகன்றுவிடும்.

எனவே வண்டியில் நாம் போடும் கூச்சல், ஒரு மானின் உயிர்காக்கும் எச்சரிக்கையையே அமுக்கிவிடக்கூடும். வாய் மூடி, காது கொடுத்து அமருங்கள். புலி கண்ணில் படாவிட்டாலும், அது அருகில் இருக்கும் செய்தி உங்களுக்கு வந்து சேரும்.