பேசாத பிள்ளைக்கும் விருப்பம் உண்டு



பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றி, "அதுக்கு என்னங்க தெரியும், சோறு ஊட்டினா போதும்"னு சொல்வதைக் கேட்கிறோம். அப்படியில்லை. பேச்சு வராத பிள்ளை கண்ணாலும் முகத்தாலும் பேசும்.

* இரண்டு சட்டையைக் காட்டி எது வேணும்னு கேளுங்கள். கண் போகும் பக்கம்தான் பதில்.
* படுக்க வைத்து ஊட்டினால் புரை ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள்.
* இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம்.
* தினமும் திண்ணைக்குத் தூக்கி வந்து நாலு பேரைப் பார்க்க விடுங்கள்.

அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.2,000. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

"எனக்குப் பிறகு யாரு பாப்பா?" என்பதே தாயின் கவலை. 18 வயதுக்கு மேல், மனவளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் போன்றோருக்கு, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இடம்பெறும் குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும்.

கூட்டத்துக்கு வர முடியாத அந்தத் தாயின் வீட்டிலேயே அடுத்த குழுக் கூட்டத்தைப் போடுவோமே!