பெயரறியா அன்பர்க்கு ஒரு நன்றி ஏடு

– ஆலயச் செயலாளர் ஒருவர்

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் ஆலயச் செயலாளர் பொறுப்பில் இருப்பவனுக்குப் பெயர்களோடுதான் வேலை. எந்தக் குடும்பத்தாரின் உபயம் எந்த நாளில், யாருடைய பெயருக்கு முன் எந்தப் பட்டம் வரவேண்டும், திருவிழா மலரில் எவர் பெயர் விடுபட்டுப் போயிற்று என்று இரவு பகலாகப் பட்டியலைத் திருத்திக் கொண்டிருப்போம். ஒரு பெயர் விடுபட்டாலும் மறுநாள் காலையில் தொலைபேசி மணி ஒலிக்கும். அதில் தவறும் இல்லை. தாம் உழைத்துச் சேர்த்த பொருளை இறைவன் திருப்பணிக்கு ஈந்தவர் நன்றிக்கு உரியவரே.

ஆனால், எந்தப் பட்டியலிலும் ஏறாத மனிதர்கள் சிலர் ஒவ்வொரு திருவிழாவிலும் வந்து போகிறார்கள். அவர்களுக்காக நான் பல்லாண்டுகளாக ஓர் ஏடு வைத்திருக்கிறேன். அந்த ஏடு தோன்றிய கதை எனக்குப் பெருமை தருவதன்று. எனினும், இச்சிறப்பிதழைப் படிக்கும் மெய்யன்பர்களுக்கு அது பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தரையில் வைக்கப்படாத பால்குடம்

2009ஆம் ஆண்டுத் தைப்பூசம். எங்கள் ஆலயத்திலிருந்து பால்குடம் ஏந்துவோரும் காவடி எடுப்போருமாக ஒரு குழு பத்துமலைக்குச் சென்றது. நான் அப்போது துணைச் செயலாளர். மார்பில் அடையாளச் சின்னமும் கையில் ஒலிபெருக்கியுமாகக் குழுவை முன்னின்று நடத்திக் கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து பால்குடம் ஏந்தி வந்திருந்தார். குழுவில் இருந்த அத்தனை பேரையும் எண்ணிப் பார்த்தவன், பெற்ற தாயை எண்ண மறந்தேன்.

ஆற்றங்கரையிலிருந்து கிளம்பிய கூட்டம் 42.7 மீட்டர் உயர முருகப்பெருமானின் திருவுருவச் சிலையை நெருங்கியபோதுதான் தாயாரைக் காணவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வந்த வழியே கூட்டத்தைப் பிளந்துகொண்டு திரும்பி ஓடினேன். சாலையோரத்து மர நிழலில் அவர் சாய்ந்து அமர்ந்திருந்தார். அருகே ஓர் இளைஞன். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், கறுப்புச் சட்டை, காதில் வளையம். அவனுடைய தோளில் என் தாயாரின் பால்குடம்.

எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. “விரதம் இல்லாதவன் குடத்தைத் தொடலாமா? உன்னை யார் தொடச் சொன்னது?” என்று பலர் முன்னிலையில், கையிலிருந்த ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. குடத்தை இரு கைகளாலும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான்.

பிறகுதான் தாயார் பேசினார். மயக்கம் வந்து விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தவன் அவனாம். தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். “குடத்தைக் கீழே வைக்கலாமா அம்மா?” என்று கேட்டிருக்கிறான். “வைக்கக் கூடாதுப்பா, வேண்டுதல்” என்று தாயார் சொன்னதும், காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்து, கைகளைக் கழுவிவிட்டு, அந்தப் பித்தளைக் குடத்தை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டானாம். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வெயிலில் அசையாமல் நின்றிருக்கிறான், ஒரு துளி பாலும் சிந்தாமல்.

அன்று மாலை வரை அவனைத் தேடினேன், காணவில்லை. தாயார் தளர்ச்சி நீங்கி, மெல்ல மெல்ல 272 படிகளும் ஏறி, வேண்டுதலை நிறைவேற்றினார். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் பிள்ளைகிட்ட பேராவது கேட்டியா ஐயா?” 2016இல் அவர் இறைவனடி சேரும் வரை ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் விடை இல்லை.

ஏட்டில் ஏறியவை

அந்த வாரமே ஒரு கணக்கு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்த இளைஞனைப் பற்றி எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. முன்பின் அறியாதவர் செய்த நன்மையை அன்றைக்கன்றே எழுதிவிடுவது என்றும், நாள், இடம், செயல் இம்மூன்றுக்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை என்றும் எனக்கு நானே விதித்துக் கொண்டேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் கண் திறந்தது. எங்கள் ஆலய இரத ஊர்வலத்தில் சாலையில் சிதறு தேங்காய் உடைக்கப்பட்டவுடன் ஓர் அம்மையார் முறத்தோடு முன்னே ஓடி ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்குவார். பின்னால் வெறுங்காலோடு வரும் காவடிகளின் பாதங்களுக்காக அவர் அதைச் செய்து வந்தார். பல ஆண்டுகளாக அவர் அந்தச் சாலையில் இருந்திருக்கிறார், நான்தான் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு சீனப் பெரியவர், இரதம் வருமுன் தம் கடை வாசலில் கொதிக்கும் தார்ச் சாலையின் மீது குழாயால் நீர் பாய்ச்சி வைப்பார். நன்றி சொல்லப் போனபோது, “கால் சுடும் அல்லவா?” என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணிக்கு வந்த வங்காளதேச இளைஞர் ஒருவர், ஆலய வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை இணை இணையாகச் சேர்த்து வரிசைப்படுத்தினார். அது அவருக்கு இடப்பட்ட பணியன்று.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது எங்கள் ஆலயக் கதவும் அடைக்கப்பட்டது. வளாகத்தில் அப்போதுதான் நட்டிருந்த வில்வக் கன்று பட்டுப்போகும் என்றே நினைத்தோம். மீண்டும் உள்ளே சென்றபோது அது புதுத் தளிர் விட்டிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையின் நேப்பாளப் பாதுகாவலர் கம்பி வேலி வழியாகக் குழாய் நீட்டி நாள்தோறும் நீர் விட்டிருக்கிறார். அவர் ஊர் சிவன் கோயிலிலும் வில்வம் உண்டு என்றார். இன்று அம்மரத்தின் இலைகளைக் கொண்டுதான் எங்கள் சிவராத்திரி அர்ச்சனை நடக்கிறது.

செயலவைக் கூட்டத்தில் எழுந்த கேள்வி

இவர்களுக்கும் திருவிழா மலரில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுமென்று நான் செயலவைக் கூட்டத்தில் கேட்டேன். எளிதில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஐயாயிரம் வெள்ளி கொடுத்த உபயகாரரையும் செருப்பை அடுக்கி வைத்தவரையும் ஒரே மலரில் போற்றினால் கொடுப்பவர் மனம் வருந்தாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “பெயரே தெரியாதவருக்கு எப்படி ஐயா நன்றி சொல்வது?” என்றார் தலைவர். கொடையாளர்கள் இன்றி ஆலயம் நடவாது என்பதை அறிந்தவன் ஆதலால் என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

விடை கூறியவர் எங்கள் ஓதுவார் ஐயா. “நாயன்மார்களைப் பெயர் சொல்லிப் போற்றிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் அதோடு நிறுத்தினாரா? திருத்தொண்டத்தொகையில் ஒன்பது தொகையடியார்களையும் சேர்த்தல்லவா வணங்கினார்? அவர்களுள் தனித்தனிப் பெயர் உண்டா? அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று ஒரு தொகை இருக்கிறதே! தமிழ்நாட்டுக்கு அப்பாலும், தம் காலத்துக்கு அப்பாலும் உள்ள அடியாரையெல்லாம் அதில் அடக்கிவிட்டாரே!” என்றார். திங்களூர் அப்பூதியடிகளையும் நினைவூட்டினார். கண்ணால் காணாத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அவர். தம் பெயரைப் பொறித்துக் கொள்ளவில்லை.

அந்த ஆண்டு மலரில் உபயகாரர் பக்கத்தை அடுத்து, ‘பெயரறியா அன்பர்கள்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் வந்தது. செயல்கள் மட்டும், பெயர்கள் இல்லை. ஓர் உபயகாரருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அடுத்த ஆண்டு அவர் தம் உபயத்தைக் குறைத்துக் கொண்டார். அந்தக் குறையைச் செயலவையினர் பகிர்ந்து நிரப்பினோம்.

நான் செய்த இரண்டாம் பிழை

நன்றி கூறுவதிலும் அளவு உண்டு என்பதைப் பிறகுதான் கற்றேன். அன்னதானம் முடிந்து எல்லோரும் சென்ற பின், நள்ளிரவில் தனியாக அமர்ந்து அண்டாக்களைத் தேய்த்துக் கழுவும் ஓர் அன்பர் இருந்தார். எங்கிருந்து வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஓராண்டு நான் ஆர்வ மிகுதியால் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். கைதட்டல் எழுந்தது. அவரோ தலை நிமிரவே இல்லை. மறு ஆண்டு அவர் வரவில்லை; அதன் பின்னும் வரவில்லை. அவர் தம் மனத்துக்குள் இறைவனோடு செய்துகொண்ட ஏதோ ஓர் ஏற்பாட்டில் நான் ஒலிபெருக்கியோடு நுழைந்துவிட்டேன் என்று தோன்றியது.

ஒலிபெருக்கியால் நான் செய்த தீங்கு அது இரண்டாவது முறை. அன்று முதல், நேரில் காண்பவரிடம் அருகே சென்று, மெல்லிய குரலில், “நீங்கள் செய்ததைப் பார்த்தேன், மிக்க நன்றி” என்று கூறுவதோடு நிறுத்திக் கொள்கிறேன். அந்த ஒரு சொல் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. தாம் செய்ததை ஒருவர் பார்த்தார் என்பதே அவர்களுக்குப் போதும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பத்துமலையில் 1891இல் ஆலயம் நிறுவிய தம்புசாமிப் பிள்ளை அவர்களின் பெயரை வரலாறு போற்றுகிறது. அவ்வாறே போற்றவும் வேண்டும். அங்கே 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன; பின்னர் அவை கற்காரைப் படிகளாயின. அந்தப் படிகளுக்கு மரமும் மணலும் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் நாம் கால் வைத்து ஏறுவது அவர்களின் உழைப்பின் மீதுதான்.

இவ்வாண்டு திருவிழாவிற்குச் செல்லும் அன்பர்கள், திருநீற்றுப் பையோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிறர் செய்யும் குறைகளை எழுத அன்று. அதற்குத் தேநீர்க் கடைகளே போதும். அறியாத ஒருவர் உங்களுக்கோ பிறர்க்கோ செய்த நன்மை ஒன்றையேனும் எழுதுங்கள். இயன்றால் அவரிடம் ஒரு சொல் கூறுங்கள். தோற்றத்தைக் கண்டு எவரையும் எடை போடாதீர்கள். அந்தப் பிழையின் விலையை அறிந்தவன் சொல்கிறேன்.

நான் இன்றும் ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் அந்த மரத்தடியில் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் படியேறுகிறேன். அந்த இளைஞனுக்கு இப்போது நடுத்தர வயது ஆகியிருக்கும். முடியின் நிறமும் மாறியிருக்கும். அருகில் வந்து நின்றாலும் நான் அறியமாட்டேன். இந்நாளிதழ் எப்படியாவது அவர் கைக்கு எட்டுமானால், இரண்டு செய்திகளை அவருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். தம்பி, நீங்கள் சுமந்த பால் அன்றே வேலவன் திருமுன் சென்று சேர்ந்தது. அன்று பலர் முன்னிலையில் பேசிய என்னை, அதே போலப் பலர் அறிய, மன்னிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.

வேலும் மயிலும் துணை.