அஞ்சு எடுத்துக் கொடு

“என் பொண்ணு ஒன் டு ஹண்ட்ரட் மூச்சு விடாம சொல்லுது சார். ஆனா ‘அஞ்சு மல்லாட்டை எடுத்துக் குடு’ன்னா கை கொள்ற மட்டும் அள்ளிக்கிட்டு வருது. எங்க தப்பு?”

கேட்டவர் செஞ்சியில் நெல் மண்டியில் கணக்கு எழுதும் தம்பி. மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். டீ சூடாக இருந்தது, பேச நேரமும் இருந்தது.

தப்பு எங்கேயும் இல்லை தம்பி என்றேன். நூறு வரை ஒப்பிப்பது பாட்டு மாதிரி. அர்த்தம் தெரியாமலே பிள்ளைகள் சினிமாப் பாட்டு முழுதும் பாடுவதில்லையா? எண்ணுவது வேறு வேலை. அதற்குள்ளே மூன்று நான்கு சங்கதிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு அவை ஒன்றாக ஒட்டிப்போய்விட்டதால் தனித்தனியாகத் தெரிவதில்லை.

மரக்காலால் நெல் அளந்த காலத்தை அவர் அப்பா சொல்லிக் கேட்டிருப்பார். முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. இதனால் கணக்கு கெட்டதா? கெடவில்லை. ஏனென்றால் ஒரு மரக்காலுக்கு ஒரு சொல்தான். விடவும் கூடாது, இரண்டு முறை சொல்லவும் கூடாது. சொற்களின் வரிசையும் என்றைக்கும் மாறாது. கடைசியாக வாயில் வந்த சொல் எதுவோ அதுதான் மொத்தம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978-இல் எழுதிய புத்தகத்தில் எண்ணுவதற்கான விதிகளைப் பிரித்து வைத்தார்கள். அவற்றில் முதல் மூன்று இவைதான். எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்பவை மற்ற இரண்டும்.

பிள்ளைகள் தடுக்கி நிற்பது மூன்றாவது விதியில். இதை வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் ஐந்து வெங்காயத்தை வரிசையாக வையுங்கள். பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று பிசகாமல் எண்ணும். உடனே “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். பல பிள்ளைகள் பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ‘அஞ்சு’ என்பது கடைசி வெங்காயத்தைத் தொடும்போது சொல்ல வேண்டிய சொல், அவ்வளவே. அது எல்லா வெங்காயத்துக்கும் சேர்த்து ஆன பெயர் என்று இன்னும் புரிபடவில்லை.

கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் இதைச் சோதித்தது நம் தம்பி கேட்ட மாதிரியேதான்: இத்தனை எடுத்துக் கொடு. சிறு பிள்ளைகள் முதலில் ‘ஒன்று’ கேட்டால் மட்டும் சரியாகக் கொடுக்கிறார்கள். மற்ற எந்த எண் கேட்டாலும் ஒரு கை அள்ளல்தான். சில மாதம் கழித்து ‘இரண்டு’ பிடிபடுகிறது, பிறகு ‘மூன்று’. அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் பூட்டு திறந்துவிடும். ஐந்தோ ஏழோ, எண்ணித் தர வரும். பெரும்பாலும் மூன்றரை நாலு வயதுவாக்கில் இது நடக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிந்தும். ஆக, அள்ளிக்கொண்டு வரும் பிள்ளை மக்கு இல்லை. பாதி வழியில் இருக்கிறது.

“சரி சார், நான் என்ன செய்யணும்?”

முதலில் நூறை விடுங்கள். மூன்று, நான்கில் நில்லுங்கள். தட்டில் வடை வைக்கும்போது “மூணு வடை” என்று மொத்தத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு தொட்டு எண்ணுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு. முடித்ததும் கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி மறுபடி “மூணு”. இந்தச் சுற்றிக் காட்டுவதுதான் முக்கியம். கடைசி எண் கடைசி வடைக்கானதல்ல, எல்லாவற்றுக்கும் ஆனது என்று சொல்லாமல் சொல்லும் வேலையை அந்தக் கை செய்கிறது. பழகியதும் நாலு முதல் பத்து வரை போங்கள். எண்ணும் பொருள் கண்ணெதிரே இருக்கட்டும். பெற்றோர் அப்படிப் பேசி வளர்த்த பிள்ளைகளுக்கு எண்ணின் பொருள் சீக்கிரம் பிடிபட்டது என்று எலிசபெத் கண்டர்சனும் சூசன் லெவினும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

எண்ணிய பொருளை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வெங்காயத்தை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தள்ளினால் எது எண்ணியது, எது எண்ணாதது என்ற குழப்பம் வராது. இட்லித் தட்டில் குழிக்கு ஒரு கரண்டி மாவு, வீட்டில் ஆளுக்கு ஒரு டம்ளர் என்பதெல்லாம் இதே பாடம்தான். “தாத்தாவுக்கு இருக்கா? அத்தைக்கு இருக்கா? இன்னும் எத்தனை டம்ளர் வேணும்?” இதைவிட நல்ல ஒர்க் புக் எந்தக் கடையிலும் கிடைக்காது.

செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போகிற பெற்றோர் ராஜகிரி படியை எண்ணச் சொல்வதைப் பார்க்கிறேன். நல்ல பழக்கம்தான், வரிசை மனதில் நிற்கும். ஆனால் ஏறிய படி பின்னால் போய்விடுகிறது. ‘மொத்தம்’ என்று கண்ணால் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. சின்னப் பிள்ளைக்குப் படியைவிட மடியில் கொட்டிய மல்லாட்டை மேல். (உரித்த பருப்பு வேண்டாம், தோலோடு இருக்கட்டும். மூக்கிலும் தொண்டையிலும் பருப்பு சிக்கினால் ஆபத்து.) படியெல்லாம் அண்ணன் அக்காவுக்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியர் கோட்டைகள் 12, மகாராஷ்டிரத்தில் 11, மிச்சம் எது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள், காலடியைக் காட்டும்.

பல்லாங்குழி வீட்டில் இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவது முதல் விதிக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கிறோமே, அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். எண்ணாமல் ஒரு பார்வையில் பிடிபடுவது மனிதக் கண்ணுக்கு மூன்று நாலு வரைதான். பிள்ளை “பசு!” என்று கத்துகிற நாளில் நாலு அதன் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பரமபதத்தைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். நூறு கட்டம், அதுவும் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். நாலு வயதுக்கு மண்டை சுற்றும். சாக்பீஸால் தரையில் நேர்கோடாகப் பத்துக் கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து வைத்தால் தாயக்கட்டை தயார். ஒரு வெள்ளை விழுந்தால் ஒரு கட்டம், இரண்டு விழுந்தால் இரண்டு, இரண்டும் கறுப்பானால் ஒன்றுமில்லை. பூஜ்யத்தையும் காசில்லாமல் படித்தாயிற்று. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கிட்டத்தட்ட இப்படித்தான் விளையாட வைத்தார்கள். நாலே அமர்வு, ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிடம். எண் இருந்த பலகையில் விளையாடியவர்கள் முன்னேறினார்கள். வெறும் வண்ணக் கட்டத்தில் விளையாடியவர்கள் முன்னேறவில்லை. விளையாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 3-இல் இருந்து இரண்டு கட்டம் போக வேண்டுமென்றால் “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லக் கூடாது. “நாலு, அஞ்சு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர வேண்டும்.

இதையெல்லாம் தமிழிலேயே செய்யுங்கள், பள்ளிக்கூட இங்கிலீஷ் தானாக வரும். ‘இருபத்தொன்பது’க்கு அடுத்து ‘இருபத்துப் பத்து’ என்று பிள்ளை சொன்னால் சிரித்து அடக்கிவிடாதீர்கள். பத்துப் பத்தாக எண் அடுக்கப்படுவதை அது தானே கண்டுபிடித்திருக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளையை 1 முதல் 100 வரை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் வீட்டுப்பாடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விரல் வலிக்குமே தவிர எண் வராது.

அரசுப் பள்ளி இந்த விஷயத்தில் விழித்துக்கொண்டது கொரோனாவுக்குப் பிறகு. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அன்றைய முதல்வர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைத்தது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று டீச்சர் சொன்னால் கோபப்படாதீர்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கேளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

தம்பி கிளாஸை வைத்துவிட்டு “தினமும் எவ்வளவு நேரம் சார்?” என்றார். பத்து நிமிடம், அதுவும் பிள்ளை எழுந்து ஓடாதவரை. ஐந்து வயது முடிந்தும் ‘மூணு கொடு’ என்றால் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் காட்டிப் பாருங்கள். பால்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் அரசு மருத்துவக் குழு பரிசோதனைக்கு வருகிறது. அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட்டுவிடாதீர்கள்.